முந்திரித் தோப்பின் மண்ணை மொட்டையடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தை முடிவதற்குள் பண்ருட்டி, விருத்தாசலம், ஜெயங்கொண்டம் வட்டாரத்து முந்திரித் தோப்புகளில் ‘சுத்தம்’ செய்யும் வேலை ஆரம்பமாகிவிடும். ஒன்பது கொத்துக் கலப்பை பூட்டிய டிராக்டர் குறுக்கும் நெடுக்கும் ஓடும். சருகை வாரிக் குவித்துக் கொளுத்துவார்கள். உழவுக்குத் தப்பிய புல்லுக்குக் களைக்கொல்லி தெளிப்பார்கள். இந்தத் தோப்புக்காரர்களில் பலர் பெங்களூருவில் வேலையில் இருப்பவர்கள். ஊரில் தோப்பைப் பார்த்துக்கொள்பவர் செம்மண் பளிச்சென்று தெரியும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் இருப்பவர்களுக்கு மனம் நிறைந்துவிடுகிறது. கோலார், சிந்தாமணி, ஹொசகோட்டை பக்கம் புதிதாக நிலம் வாங்கி ஒட்டுக்கன்று நட்டவர்களிடமும் இதே பழக்கத்தைப் பார்க்கிறோம். இரு தரப்பாரும் தங்கள் நாளிதழைப் படிப்பவர்கள் என்பதால் இந்தக் கடிதம்.

நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மழைக்காலம் முழுக்க மரங்களுக்கிடையே மண்ணைச் செடியால் மூடி வையுங்கள். மழை ஓய்வதற்குள் அந்தச் செடியை அறுத்துப் போட்டுவிடுங்கள். முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாம் பாதியை விட்டவர்கள்தாம் ‘மூடுபயிர் போட்டேன், காய்ப்பு குறைந்துவிட்டது’ என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஏன் அப்படி ஆகிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

முதலில் மண்ணுக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கனமழையில் பெரிய துளி ஒன்று நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. வெற்று மண்ணில் அந்த அடி மண்கட்டிகளை உடைக்கிறது. உடைந்த களிமண் துகள் நீரோடு கலந்து மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது. வெயில் வந்ததும் மேலே ஒரு மெல்லிய ஓடு. அடுத்த மழை அந்த ஓட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போகிறது, மேல்மண்ணையும் எடுத்துக்கொண்டு. மரம்தான் குடைபோல நிற்கிறதே என்பார்கள். அது பாதிதான் சரி. இலை நுனியில் திரண்டு சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது. மூன்று, நான்கு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே மண்ணைத் தெறிக்க வைக்கும் வேகம் அதற்குக் கிடைத்துவிடும். மரத்தடி மண்ணைக் காப்பது இலைக்கூரை மட்டுமன்று, தரையில் கிடக்கும் சருகும்தான். போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்த இந்த மரம் பல இடங்களில் மண்ணரிப்பைத் தடுப்பதற்கென்றே நடப்பட்டது. அதன் அடியிலேயே மண் கரைந்து ஓடவிடுவது வேதனையான விஷயம்.

இதை நம்ப மறுப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வேலியோரத்தில் ஆண்டுக்கணக்காகக் கலப்பை படாத இடத்திலிருந்து கோலிக்குண்டு அளவில் காய்ந்த மண்கட்டி ஒன்று, தோப்பின் நடுவே உழுத இடத்திலிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டியின் வலையில் கட்டியை வைத்து மெதுவாக முக்குங்கள். உழுத மண் கண்ணெதிரே பொருபொருவென உதிர்ந்து தண்ணீரைச் செந்நிறமாக்கும். வேலியோரக் கட்டியிலிருந்து முதலில் காற்றுக்குமிழிகள் வரும், ஓரங்கள் சற்றே உதிரும், ஆனால் கட்டி கட்டியாகவே நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது வேர்களும் பூஞ்சை இழைகளும் நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும். இரண்டும் ஒரே நிலத்து மண். நடுவில் நடந்தது உழவு மட்டுமே.

நீர் இறங்குவதையும் அளக்கலாம். ஆறு அங்குலக் குறுக்களவுள்ள பி.வி.சி. குழாயில் ஆறு அங்குலத் துண்டு வெட்டி, மூன்று அங்குலம் மண்ணுக்குள் அடித்து இறக்குங்கள். உள்ளே ஒரு பாலித்தீன் தாளை விரித்து 460 மில்லி தண்ணீர் ஊற்றித் தாளை உருவிவிடுங்கள். அது ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைக்கத்தான். இரண்டாம் முறை ஊற்றுவது எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்பதே கணக்கு. மூடிக் கிடந்த செம்மண்ணில் சில நிமிடங்களில் இறங்கும் நீர், ஓடு கட்டிய மண்ணில் அரைமணி நேரம்கூடத் தேங்கி நிற்கலாம்.

உழவினால் வேறொரு கேடும் உண்டு. முந்திரிக்கு ஆழமாகப் போகும் வேர்கள் இருந்தாலும், உரமும் நீரும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேலே ஓர் அடி மண்ணுக்குள்தான் பரவியிருக்கும். மரத்தின் கிளை பரவிய எல்லையைத் தாண்டியும் போகும். கொட்டைப் பருவத்துக்குச் சற்று முன்பு, பூவும் பிஞ்சுமாக இருக்கும்போது ரோட்டவேட்டர் விட்டால் அந்த வேர்கள் அறுபடுகின்றன. செம்மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை மீட்டு வேருக்குக் கொடுப்பது வேரோடு கூடி வாழும் மைக்கோரைசா பூஞ்சை. அதன் இழைப்பின்னலும் உழவில் அறுந்துபோகிறது. உயிருள்ள வேர் ஏதாவது மண்ணில் இருந்தால்தான் அது பிழைக்கும். மரங்களுக்கிடையே மூடுபயிர் நின்றால் அந்தப் பூஞ்சைக்கும் இருக்க இடம் கிடைக்கிறது.

சருகே போதாதா என்று கேட்கலாம். முந்திரிச் சருகு தடித்தது, துவர்ப்புச்சத்து மிகுந்தது, மெதுவாக மக்கும். அதில் கரிமம் (கார்பன்) அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. கரிமம் 25 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்காவது இருந்தால்தான் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து கடன் வாங்காமல் எதையும் மக்க வைக்கும். அந்த அளவுக்கு முந்திரிச் சருகு எட்டாது. தக்கபடி பயறுவகைத் தழை அதோடு சேர்ந்தால் சருகும் விரைவாக மக்கும், மண்ணில் உள்ள தழைச்சத்தும் மரத்துக்கே மிஞ்சும். மூடுபயிரையும் சருகையும் ஒன்றாக நினைத்துத் திட்டமிட வேண்டும் என்பது இதனால்தான்.

எந்தச் செடி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேரள ரப்பர் தோட்டங்களில் முக்கூனா பிராக்டியேட்டா, பியூரேரியா என்னும் பயறுவகைக் கொடிகள் பச்சைக் கம்பளமாகப் படர்ந்திருப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு அந்த விதையைத் தேடி வாங்குகிறார்கள். அங்கே ஆண்டு மழை 3,000 மி.மீ. அளவில். கடலூர் மாவட்டத்தில் அதில் பாதிகூடக் கிடையாது, கோலாரில் ஏறக்குறைய 750 மி.மீ.தான். மேற்குக் கரையில் புத்தூரிலும் வெங்குர்லாவிலும் அந்தக் கொடிகள் பொருந்தும். நம் பக்கத்தில் அவை கோடையிலும் உயிரோடு நின்று மரத்தின் தண்ணீரைக் குடிக்கும். ஒரே மழைக்காலத்தில் இரண்டு வயது ஒட்டுக்கன்றின் தலைமேல் ஏறி அமுக்கியும் விடும். நமக்கு வேண்டியது ஐம்பது அறுபது நாளில் வேலையை முடித்துக்கொண்டு விடைபெறும் செடி.

எங்கள் முதல் தேர்வு சணப்பை. விரைவாக நிழல் கட்டிக் களையை அமுக்கும், கொடி ஓடாது, ஆடு அவ்வளவாகத் தொடாது, வேர்முடிச்சு நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். இளம் முந்திரிக்கிடையே தக்காளி போடும் கோலார் விவசாயிகளுக்கு இந்தக் கடைசிக் குணம் முக்கியம். தட்டைப்பயறு நல்ல மூடுபயிர்தான். ஆனால் அந்த நூற்புழுவை வளர்த்துவிடும் என்பதால் தக்காளி, கத்தரி போடும் நிலத்தில் வேண்டாம். மழை குறைந்த இடத்துக்கும் பின்மழைப் பருவத்துக்கும் கொள்ளுப் பயறை மிஞ்ச எதுவுமில்லை. நரிப்பயறும் நன்றாகப் படரும், தானாக விதை விழுந்து அடுத்த ஆண்டும் முளைக்கும். கொழுஞ்சி மெதுவாக வளரும், ஆனால் ஆடுமாடு வாய் வைக்காது, சரளை நிலத்திலும் நிற்கும். முயல் மசால் என்ற தீவனச் செடியைச் சரிவுகளிலும் எல்லையோரங்களிலும் மட்டும் போடச் சொல்வோம். பல்லாண்டுப் பயிர் என்பதால் இளங்கன்றுகளுக்கு நடுவே அது தேவையில்லை. அதன் விதைக்கு ஓடு கெட்டி. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையை அதில் ஐந்து நிமிடம் போட்டு வடித்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊற வைத்தால்தான் சீராக முளைக்கும். தக்கைப்பூண்டு நெல் வயலுக்கும் ஈரம் தங்கும் களிமண்ணுக்கும் உரியது, மேட்டுநிலச் செம்மண்ணுக்கு அது வேண்டாம்.

புல்லை அப்படியே விட்டாலும் மண் மூடித்தானே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வெறும் தரைக்குப் புல் மேல். ஆனால் புல் தழைச்சத்தைச் சேர்ப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. கோரையும் அருகும் ஒருமுறை வேரூன்றினால் கோடையிலும் போகாது. பார்த்தீனியம் பூக்கும் முன்பு பிடுங்கப்பட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை.

இனி விதைப்பு. ஏழு மீட்டருக்கு ஏழு மீட்டர் நட்ட தோப்பில் ஏக்கருக்குச் சுமார் 80 மரம் நிற்கும். மர வரிசையின் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் விட்டுவிட்டு நடுவில் நான்கு மீட்டர் பட்டையில் மட்டும் விதையுங்கள். நிலத்தில் ஏறக்குறைய 57 விழுக்காடு இதில் வரும். சணப்பை முழு ஏக்கருக்கு 12 முதல் 14 கிலோ என்றால், இந்தப் பட்டைக்கு 7 முதல் 8 கிலோ போதும். தட்டைப்பயறோ கொள்ளோ என்றால் 5 கிலோ. ஐந்து கொத்துக் கலப்பையால் மேலாக ஒரு கீறு கீறி, விதையைத் தூவி, முள்செடிக் கொத்தை இழுத்து மூடினால் சரி. ஆழ உழவு தேவையே இல்லை.

விதைக்கும் முன் ரைசோபியம் கலப்பதை விட்டுவிடாதீர்கள். பயறுவகைச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அது. பத்து கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்று. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதையில் படும்படி புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றே விதைக்க வேண்டும். பூஞ்சணக்கொல்லி பூசிய விதையோடு இதைக் கலந்தால் பாக்டீரியா செத்துப்போகும். வெயிலில் வைத்த பொட்டலமும், நாள் கடந்த பொட்டலமும் பயன்படாது. மண் புளிப்பாக, அதாவது பிஎச் 6-க்குக் கீழே இருந்தால் ஏக்கருக்கு 50 கிலோ ராக் பாஸ்பேட்டைப் பட்டையில் தூவுங்கள். பயறுவகைச் செடி தழைச்சத்தைத் தானே செய்துகொள்ளும், மணிச்சத்தைச் செய்துகொள்ளாது. பிஎச் அதற்கு மேலிருந்தால் ராக் பாஸ்பேட் கரையாமல் கிடக்கும். சூப்பர் பாஸ்பேட்தான் வழி.

முளைத்து முப்பத்தைந்து, நாற்பது நாளில் இரண்டு மூன்று செடிகளை மண்வெட்டியால் தோண்டி எடுங்கள், பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரை நீரில் அலசி, மிளகு அளவு முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் ஊறினாற்போல இருந்தால் செடி காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் வேலை நடக்கவில்லை. அடுத்த ஆண்டு ரைசோபியத்தையும் மணிச்சத்தையும் சரிசெய்ய வேண்டும்.

அறுக்கும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியம். முந்திரி மழை ஓய்ந்ததும் தளிர்விட்டு, மார்கழி முதல் மாசி வரை பூக்கும். அந்தத் தளிருக்கும் பூவுக்கும் வேண்டிய ஈரம், மழை விட்டுப்போன ஈரம் ஒன்றே. அப்போது மூடுபயிரும் பச்சையாக நின்றால் இரண்டும் ஒரே குடத்தில் மொள்ளும். தளிர் குட்டையாகும், பிஞ்சு உதிரும், கொட்டை சிறுக்கும். ‘காய்ப்பு குறைந்துவிட்டது’ என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் ஆவணிக் கடைசியில் கிடைக்கும் மழையில் விதைத்தால், ஐப்பசிப் பெருமழை வரும்போது செடி இடுப்பளவு நின்று மண்ணைக் காக்கும். ஐப்பசிக் கடைசியில் அறுத்துப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு விழும் மழை அறுத்த தழைக்கு அடியில் போய்ச் சேமிப்பாகும். கோலார், சிந்தாமணியில் கணக்கு வேறு. அங்கே பெருமழை செப்டம்பர், அக்டோபரில். ஆகஸ்ட் தொடக்கத்தில் சணப்பை விதைத்து செப்டம்பர் கடைசியில் அறுத்துப் போட்டு, விரும்பினால் அந்த ஈரத்திலேயே கொள்ளைத் தூவலாம். அந்தக் கொள்ளையும் நவம்பர் முடிவதற்குள் அறுத்துவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் கொள்ளு காய்க்குமே என்று ஆசைப்படுவது இயல்பு. அந்தக் கொள்ளுக்கு விலையாக முந்திரியைக் கொடுக்க நேரும்.

சணப்பையில் மொட்டு தெரிந்து ஓரிரண்டு பூ விரியும்போது அறுப்பது சரியான தருணம், விதைத்து 45 முதல் 60 நாளுக்குள். தாண்டினால் தண்டில் நார் ஏறிவிடும். நார் ஏறிய சணப்பை மாதக்கணக்கில் குச்சியாகக் கிடக்கும், பிரஷ் கட்டரிலும் சுற்றிக்கொள்ளும். அறுத்ததை மடக்கி உழ வேண்டுமா, மேலேயே விடலாமா? தழைச்சத்து உடனே வேண்டுமென்றால் உழவு. மண்ணின் கட்டமைப்பும் ஈரமும் வேண்டுமென்றால் மூடாக்காக மேலேயே விடுவது. மானாவாரி முந்திரிக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில் எந்தச் செடியும் கூடாது. அறுத்த தழையையும் அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளியே போடுங்கள். காரணம் தண்டு, வேர்த் துளைப்பான் வண்டு. அது அடிமரத்துப் பட்டை வெடிப்பிலும் வெளியே தெரியும் வேரிலும் முட்டையிடும். புழு உள்ளே குடைந்ததன் அடையாளம், அடிமரத்தில் சிறு துளையும் அதன் வழியே பிசினோடு கலந்து தள்ளப்படும் மரத்தூளும்தான். அடிமரம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைத் தொடக்கத்திலேயே கண்டு, உளியால் பட்டையைச் சீவிப் புழுவை எடுத்துவிட்டு, ஐந்து விழுக்காடு வேப்பெண்ணெய்க் கரைசலைத் துடைத்து மரத்தைக் காப்பாற்றலாம். கொடி சுற்றியிருந்தாலோ தழை குவிந்திருந்தாலோ தெரியாது. இலை மஞ்சளித்த பிறகு பார்த்தால் காலம் கடந்திருக்கும். மாதம் ஒருமுறை அடிமரத்தைச் சுற்றிப் பார்ப்பதைத் தோப்பு பார்ப்பவரின் வேலைக் கணக்கில் எழுதிவிடுங்கள். அதே நடையில், பறவை எச்சத்தில் முளைத்திருக்கும் வேப்பங்கன்றையும் கொய்யாக்கன்றையும் பிடுங்கிவிடலாம். முந்திரித் தளிரிலும் பூவிலும் சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்ற பூச்சிக்கு அவை மாற்றுப் புகலிடம்.

பிரஷ் கட்டரை அடிமரத்துக்குப் பக்கத்தில் ஓட்ட விடாதீர்கள். நைலான் கயிறு பட்ட காயமும் அந்த வண்டுக்கு வாசல்தான். வட்டத்துக்குள் கையால் களை எடுப்பது ஒன்றே வழி. களைக்கொல்லியைப் பற்றி இரண்டு வரி போதும். இளங்கன்றின் பச்சைப் பட்டை அதை உறிஞ்சிக்கொள்ளும், காற்றில் தெறித்தாலே கன்று சுருங்கும். அதோடு 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசின் ஆணை, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்தியது.

இப்போது கொட்டை பொறுக்குவதற்கு வருவோம். தரையைச் சுத்தமாக வைப்பவர்கள் சொல்லும் நியாயமான காரணம் இது ஒன்றே. முந்திரிக் கொட்டை பழுத்துக் கீழே விழுந்த பிறகே பொறுக்கப்படுகிறது. குனிந்தும் குந்தியும் பொறுக்கும் பெண்களுக்குச் சருகுக்குள் கை விடப் பயம் இருக்கும். பாம்பும் தேளும் இருக்கும் இடம் அது. கொட்டையும் சருகுக்குள் மறைந்து வீணாகும். கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில்கூட இதே சிக்கல்தான். அங்கும் பருப்பைத் தரையில் உதிர்த்து இயந்திரத்தால் கூட்டி வாருகிறார்கள், ஆகவே அறுவடைக்கு முன் மூடுபயிரை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது, மாசி முதல் வாரத்தில் கிளை விரிந்த பரப்புக்கு அடியில் உள்ள சருகையும் தழையையும் மர வரிசைக்கு நடுவே உள்ள பட்டையில் வாரி நீளமான வரப்பாகக் குவிப்பது. சரிவு நிலமென்றால் சரிவுக்குக் குறுக்கே குவியுங்கள், கோடை மழையில் அது அணையாகவும் நிற்கும். கொட்டைப் பருவம் முடிந்து ஆனி பிறந்ததும் அதை மரத்தடிக்கே திரும்ப இழுத்துப் பரப்ப வேண்டும். கூலி இரண்டு முறை ஆகிறதே என்றால், உழவுக் கூலியும் களைக்கொல்லிச் செலவும் மிச்சம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கோடையில் காய்ந்த தழை தீப்பிடிக்கும் என்ற அச்சம் சரியானது. சாலையோரமும் வேலியோரமும் மூன்று மீட்டர் அகலத்துக்கு எதுவும் இல்லாமல் வைத்திருங்கள். தோப்பு முழுவதையும் மொட்டையடிப்பதற்கு அது காரணமாகாது.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைக் கூட்டிச் சொல்ல நாங்கள் விரும்பவில்லை. நான்கு மீட்டர் பட்டையில் சணப்பை நன்றாக வந்தால் ஏக்கருக்குச் சுமார் ஐந்து டன் பச்சைத் தழை, உலர்ந்தால் ஒரு டன். அதில் தழைச்சத்து ஏறக்குறைய 25 கிலோ. வளர்ந்த மரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் தழைச்சத்து ஆண்டுக்கு 500 கிராம், 80 மரத்துக்கு 40 கிலோ. ஆக, காகிதத்தில் பாதிக்கு மேல் வந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் அந்த 25 கிலோவும் காற்றிலிருந்து வந்ததல்ல, ஒரு பகுதி மண்ணிலிருந்து எடுத்ததே. மேலேயே விட்ட தழையிலிருந்து கொஞ்சம் காற்றிலும் போகும், மிச்சம் மெதுவாகத்தான் கரையும். ஆகவே முதல் இரண்டு ஆண்டுகள் உரத்தைக் குறைக்காதீர்கள். பிறகு மண் பரிசோதனை பார்த்து யூரியாவில் கால் பங்கு குறைக்கலாம். மரத்துக்கு 50 கிலோ தொழு உரத்தை எப்போதும் போல வையுங்கள்.

கரிமக் கணக்கில் இன்னும் பொறுமை வேண்டும். ஒரு ஏக்கரில் மேல் ஆறு அங்குல மண்ணின் எடை சுமார் 900 டன். அந்த ஒரு டன் உலர்தழையில் கரிமம் 400 கிலோவுக்குச் சற்று மேல். ஓராண்டில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று மூச்சாக விட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு தங்கினால் 80, 90 கிலோ. மண்ணின் எடையில் அது 0.01 விழுக்காடு. வேரும் சேர்ந்தால் சற்றுக் கூடும். மண் வள அட்டையில் 0.5 விழுக்காட்டுக்குக் கீழே ‘குறைவு’ என்று அச்சாகிறது, 0.4-லிருந்து 0.5-க்கு ஏறப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரே ஆண்டில் கரிமத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று பெங்களூரு சுற்றுவட்டாரத்தில் டப்பாவில் திரவம் விற்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். நீர் இறங்கும் வேகமும் மண்கட்டியின் உறுதியும் அப்படியல்ல, அவை ஓரிரு ஆண்டிலேயே மாறத் தொடங்கும். மேலே சொன்ன குழாய்ச் சோதனையையும் டம்ளர் சோதனையையும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் செய்து எழுதி வைத்தால் மாற்றம் தெரியும்.

ஏழெட்டு ஆண்டில் கிளைகள் கூடித் தோப்பு இருண்டுவிட்டால் அடியில் எதுவும் வளராது. அங்கே விதையை வீணாக்க வேண்டாம், சருகைக் காப்பதே போதும். கவாத்து செய்து வெளிச்சம் விட்ட இடத்தில் மறுபடி விதைக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்ட முந்திரியைச் சாய்த்த பிறகு நட்ட ஒட்டுத் தோப்புகளில் பல இப்போது இந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. தென்னை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் எளிது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வெட்டிய வட்டப்பாத்தியில் 50 கிராம் சணப்பை விதைத்து, பூக்கும் முன் அங்கேயே மடக்கிவிடலாம்.

இரண்டு கோரிக்கைகள். தமிழ்நாடு அரசு ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுக்கிறது. மேட்டுநில முந்திரிக்கும் அது பயன்பட வேண்டுமானால் தக்கைப்பூண்டோடு சணப்பையும் கொழுஞ்சியும் கொள்ளும் கொடுக்க வேண்டும். அதுவும் ஆடி முடிவதற்குள் கைக்கு வர வேண்டும். ஐப்பசியில் வரும் விதையால் பயனில்லை.

மற்றது, தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கும் பெங்களூருவாசிகளுக்கு. குத்தகைதாரருக்கு அந்த ஒரு பருவத்துக் கொட்டையோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மண்ணைப் பற்றி அவர் கவலைப்பட ஒப்பந்தத்தில் எதுவும் எழுதப்படுவதில்லை. அடுத்த முறை எழுதும்போது நான்கு வரி சேருங்கள்: சருகைக் கொளுத்தவோ வெளியே அள்ளிப் போகவோ கூடாது, மார்கழிக்குப் பிறகு தோப்பில் டிராக்டர் இறங்கக் கூடாது, களைக்கொல்லி கூடாது, பருவம் முடிந்ததும் குவித்த சருகை மரத்தடியில் பரப்பிவிட்டுப் போக வேண்டும். இதற்காக அவர் குத்தகைத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மண்ணியல், தோட்டக்கலைத் துறைகளில் பணியாற்றிவரும் தமிழர்கள் சிலர்,
பெங்களூரு.